அக்கரைக்குப் போன நாட்கள்

மார்ச் 3, 2023, வெள்ளி

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தைக் காணோம். பனி என்றுதான் நினைத்தேன், நாற்றம் வரும்வரை. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேட்டில் நேற்றுப் பிடித்த தீயாம். எரியும் பிளாஸ்டிக் நாற்றம். அம்மா இருக்கும் ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டார்கள். அவளுடைய டெஸ்ட் ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள்.

மார்ச் 4, சனி

இரவு நான், பகல் அக்கா. பகலில் தூக்கம் வந்தால்தானே. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேனா, "இங்கன நடக்கிறத அக்கரையில போய் நடடா, அங்க புகை கம்மியாம்" என்று அக்கா விரட்டிவிட்டாள். எர்ணாகுளம் படகுத்துறையில் டிக்கெட் ஒரு டீ விலைகூட இல்லை. ஃபோர்ட் கொச்சியில் இறங்கி பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரிவரை நடந்தேன். ஒரு வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது, இரண்டு வாசல் தள்ளி ஓவியக் கண்காட்சி. ரெண்டுக்கும் ஒரே மாதிரி மரக்கதவு, ஒரே மாதிரி ஓடு. பரதேசி சினகாக் 1568இல் கட்டியது. யூதக் கோவில் சனிக்கிழமை பூட்டியிருக்கும் என்பதுகூட உறைக்கவில்லை எனக்கு. வாசலில் நின்று பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சிக்குப் போனேன். 2012 டிசம்பர் 12இல் முதல்முறை தொடங்கியபோதே வரவேண்டும் என்று இருந்தேன். பத்து வருஷம் கழித்து இப்படி வந்திருக்கிறேன். இந்த முறை பொறுப்பாளர் சிங்கப்பூரின் ஷுபிகி ராவ். நம் நாளங்களில் ஓடுவது மையும் தீயும் என்பது போலத் தலைப்பு. கையில் மாஸ்க்கோடு அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

பினாலே நடக்கும் ஆஸ்பின்வால் ஹவுஸ் 1867இல் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனியின் இடம். மிளகும் தேங்காயெண்ணெயும் மரமும் கப்பலேறிய வாசல் வழியாக இப்போது செல்ஃபி எடுப்பவர்கள் ஏறி இறங்குகிறார்கள். பினாலேவின் இன்னோர் இடமான ஆனந்த் கிடங்கில் ஒரு வீடியோ ஓடியது, பாதியில் எழுந்துவிட்டேன். அது மோசம் என்று சொல்லமாட்டேன். இருட்டறையில் உட்கார்ந்தால் வேறு நினைப்பு வருகிறது, அவ்வளவுதான். வெளியே வந்து, ஒரு முற்றத்தில் பெண்கள் சுக்கு புடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்பு ஏறி வெளுத்த சுக்கு. முறத்தைத் தட்டும்போதெல்லாம் வெள்ளையாகப் புழுதி எழும்பியது. தும்மினேன். மூன்று நாளில் முதல்முறையாக நல்ல காரணத்துக்கு.

மார்ச் 6, திங்கள்

ரிசல்ட் வரவில்லை. புகையும் அப்படியே.

மார்ச் 7, செவ்வாய்

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் தோபி கானா, வண்ணார்கள் துணி துவைக்கும் இடம். படம் எடுக்கிறவர்கள் வரும் இடம்தான், ஆனால் நான் போன நேரம் யாரும் இல்லை. துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, பின்னால் மைதானம் முழுக்க வெள்ளை விரிப்பு. எல்லாம் ஹோட்டல்களுடையது. எனக்கு வெள்ளை விரிப்பு என்றாலே இப்போது வார்டுதான்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்றார். தமிழ்! தென்காசி என்றேன். டச்சுக்காரர்கள் காலத்தில் பட்டாளத்துத் துணி துவைக்கக் கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களாம் அவர்கள். தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் போய் முடிகிறது.

கொடியில் ஒரு கிளிப் இல்லை! எப்படி நிற்கிறது என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார். ரெண்டு கயிறு, ஒன்றோடொன்று முறுக்கியது. கட்டைவிரலால் முறுக்கை லேசாகப் பிளந்து, விரிப்பின் முனையைச் சொருகி, விரலை எடுத்தார். கயிறு மூடிக்கொண்டது. நானும் செய்து பார்த்தேன், நகம் வலித்தது. அம்மா மொட்டைமாடியில் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டே எங்களைத் திட்டுவாள். ஒரு வார்த்தை புரியாது.

மார்ச் 8, புதன்

போகவே கூடாத ஒரு காபிக்கடைக்குப் போய்விட்டேன். பழைய கிடங்கை வெள்ளையடித்து, மூட்டை தூக்கும் கொக்கியைச் சுவரில் அலங்காரமாக மாட்டியிருக்கிறார்கள். அதே கொக்கி தெருவில் ஒருவர் தோளில் தொங்குகிறது. காபி விலைக்கு வார்டு கேன்டீனில் மூன்று நாள் சாப்பிடலாம். சரி, காபி நன்றாகத்தான் இருந்தது.

'கெஸ் ஹூ' என்ற பெயரில் யாரோ முகம் காட்டாமல் சுவர்களில் படம் வரைந்தார்கள் என்று படித்திருந்தேன். தேடினேன். அகப்பட்டது பாசியும், ஒரு கட்சி போஸ்டரும்.

போனை மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்தேன். சிக்னல் இருந்தது.

மார்ச் 9, வியாழன்

அம்மா இன்று கொஞ்சம் பேசினாள். கயிற்றுக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது, "மழை வந்தா எப்படிடா டக்குனு எடுப்பாக?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 10, வெள்ளி

அதைக் கேட்பதற்காகவே போனேன். பெரியவர் சிரித்தார். "ஒரு இழுப்பு, அத்ரயே உள்ளு." அவ்வளவுதானாம். வரிசையாக நாலு விரிப்பை இழுத்துக் காட்டினார். சொருகத்தான் நேரம். அப்புறம் அந்த நாலையும் திரும்பச் சொருகியது நான்தான்.

திரும்பும்போது படகிலிருந்து பார்த்தால் எர்ணாகுளம் பக்கம் மங்கலாகவே இருந்தது.

மார்ச் 11, சனி

அம்மாவிடம் பதிலைச் சொன்னேன். "அப்படியா" என்றாள். பத்தரைக்கு டாக்டர் அறைக்கு ரெண்டு பேரும் வரவேண்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போகிறார். இதுவரை ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.