பெயரை மூன்று முறை கேட்டார்கள்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ஒரு நர்ஸ் என் வயிற்றில் பேனாவால் சின்ன வட்டம் ஒன்று போட்டார். அந்த ஒரு வட்டத்துக்கு அரை மணி நேரம் ஆனது. உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். தோல் எங்கே மடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். இடுப்பில் துணியை எந்த உயரத்தில் கட்டுவீர்கள் என்று கேட்டார். கடைசியில், "இப்ப நீங்களே குனிஞ்சு பாருங்கம்மா, வட்டம் கண்ணுக்குத் தெரியுதா?" என்றார்.

எனக்கு மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் இணைப்பார்கள். அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகாமல் இருப்பது நல்லது. அதனால் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, அதைச் சுற்றி ஒரு பையை ஒட்டிவிடுவார்கள். வெளியே தெரியும் அந்தக் குடல் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர்; அது வரவேண்டிய இடம்தான் அந்த வட்டம். சில மாதம் கழித்து இன்னொரு அறுவையில் உள்ளே வைத்து மூடுவார்கள். டாக்டர் படம் போட்டே விளக்கினார். எல்லாம் புரிந்தது. ஆனால் என் உடம்பில் நடக்கப்போகிற காரியம் என்று மனதில் ஏறியது அந்தப் பேனா வட்டத்தைப் பார்த்தபோதுதான். அழுதுவிட்டேன்.

அழாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேக்கணும்னு நெனச்சு, கூச்சப்பட்டு விட்டது ஏதாவது இருந்தா இப்ப கேளுங்க." கேட்டேன். நாற்றம் வருமா, புரண்டு படுக்கலாமா, குளிக்கலாமா, வெளியே வந்திருக்கும் குடலைத் தொட்டால் வலிக்குமா. தொட்டால் வலிக்காது, அதில் வலியை உணரும் நரம்பு இல்லை என்றார். சிவப்பாக, ஈரமாக, வாயின் உட்புறம் மாதிரி இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். அன்று இரவு தூங்கினேன்.

அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தோல் மடிப்பில் ஸ்டோமா அமைந்துவிட்டால் பை சரியாக ஒட்டாது. சிறுகுடலிலிருந்து கசியும் நீரில் செரிமானச் சாறு இருக்கும், அது பட்ட தோல் புண்ணாகிவிடும். இந்த அறுவைக்குப் போகிறவர்கள், முதல் நாளே யாரும் வந்து இடம் குறிக்கவில்லை என்றால் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் காலையில் ஒருவர் மாற்றி ஒருவர் என் பெயரைக் கேட்டார்கள். வார்டில் ஒருமுறை, தியேட்டர் வாசலில் ஒருமுறை, உள்ளே மேஜையில் படுத்தபிறகு ஒருமுறை. என்ன அறுவை, எந்த மருந்து ஒவ்வாது என்ற கேள்விகளும் கூடவே. மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் பெயர்ப் பட்டை கட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்க்கக் கூடாதா என்றேன். தியேட்டர் சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரத்துல தூங்கிடுவீங்கம்மா. அப்புறம் உங்களைக் கேக்க முடியாதே."

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கேள்விகள்தான் அவை என்று வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்துகொண்டேன். மொத்தம் 19 அம்சங்கள். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. சடங்குபோல எனக்குத் தோன்றிய அந்தக் கேள்விகளில் எத்தனை பேர் உயிர் இருந்திருக்கிறது!

தியேட்டரில் நடுங்கும் குளிர். கேட்காமலே சூடான போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு, மயக்க மருந்து ஏறும்வரை அந்த சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு அன்பு என்று நினைத்தேன். அன்புதான். ஆனால் மயக்க மருந்து கொடுத்தால் உடல் சூடு இறங்கும், அப்படி இறங்கினால் ரத்தப்போக்கும் காயத்தில் கிருமித் தொற்றும் கூடலாம், அதனால் போர்வையும் ஒரு மருத்துவம் என்று வார்டில் ஒரு பிரதர், அதாவது ஆண் நர்ஸ், பிறகு விளக்கினார். இவர்கள் செய்ததில் எது பரிவு, எது சிகிச்சை என்று எனக்குக் கடைசிவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தப் பிரதரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அறுவைக்கு மறுநாள், வலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். நாலு என்றேன். பொறுத்துக்கொள்வது நல்ல குணம் என்று நினைத்தே வளர்ந்தவள் நான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க, ஒருதடவை இருமிக் காட்டுங்க" என்றார். முடியவில்லை. "நாலா இருந்தா இருமியிருப்பீங்கம்மா. வலிக்குப் பயந்து மேலோட்டமா மூச்சு விட்டா சளி தேங்கி நிமோனியா வரலாம். வலியை மறைச்சா எங்களுக்குத்தான் கஷ்டம்." மருந்தைக் கூட்டக் கேட்டு டாக்டரை அழைத்தார். அப்புறம் ஒரு தலையணையைக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தார். அன்று சாயங்காலமே படுக்கையிலிருந்து இறக்கி நாலு அடி நடக்க வைத்தார். டிரிப்ஸ், வயிற்றிலிருந்து நீர் வடியும் டிரெயின் குழாய், யூரின் பை எல்லாவற்றையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையை என் முதுகுக்குப் பின்னால், தொடாமல், வைத்துக்கொண்டே வந்தார். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அந்த நடை.

எல்லா நேரமும் இப்படி இருந்தது என்று சொன்னால் பொய். நான்காவது இரவு பை கசிந்து படுக்கையெல்லாம் நனைந்துவிட்டது. மணியை அடித்து அடித்துப் பார்த்தேன், வெகுநேரம் யாரும் வரவில்லை. வந்த நர்ஸ், "கொஞ்சம் பொறுக்க முடியாதா?" என்று வெடுக்கென்று கேட்டார். அவமானத்தில் உடம்பு கூனிப்போயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் துணி மாற்றிவிட்டுப் போனார். விடிவதற்குமுன் அவரே திரும்பி வந்து கட்டிலோரம் நின்றார். பக்கத்து அறையில் ஒருவர் இறந்துவிட்டாராம், அந்த வீட்டாரோடு நின்றுவிட்டு நேரே என்னிடம் வந்திருக்கிறார். "உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா." அவர் கண் வீங்கியிருந்தது. உட்காருங்கள் என்றேன். உட்கார நேரமில்லை என்று சிரித்தார்.

கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றிப் பின்னர் படித்தபோது இவர்தான் நினைவுக்கு வந்தார். நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தவர். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் சின்னச் சின்னக் கனிவுதான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று எழுதிவிட்டுப் போனார். அவர் பெயரில் அமைந்த மையம் தொடங்கிய கூட்டங்கள் பல நாட்டு மருத்துவமனைகளில் நடக்கின்றன. நர்ஸ்களும் டாக்டர்களும் மற்ற ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, வேலையில் மனதைப் பாதித்ததைப் பேசுவார்கள். என் நர்ஸுக்கு அன்று இரவு அப்படி ஒரு அரை மணி நேரம் கிடைத்திருக்க வேண்டும். நமக்குப் பரிவு வேண்டுமென்றால் அவர்களுக்குக் கூடுதல் கை வேண்டும், மூச்சுவிட நேரம் வேண்டும். புகார் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதற்குமுன், வட்டம் போட்ட அதே நர்ஸ் வந்து பையை என்னையே மாற்றச் சொன்னார். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு தடவை கோணலாக ஒட்டினேன். அவர் அவசரப்படவில்லை. மூன்றாவது தடவை சரியாக ஒட்டியது. மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்யவேண்டும், உடம்பில் நீர் வற்றாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கவேண்டும் என்று இரண்டே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

சில மாதம் கழித்து மூடும் அறுவைக்காக அதே வார்டுக்குப் போனேன். குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு முதல் அடையாளம் காற்று பிரிவது. அதனால் டியூட்டிக்கு வரும் ஒவ்வொருவரும், "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்றுதான் கேட்பார்கள். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை, வயிறு கல் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் விடிகாலை பிரிந்தது. மணியை அடித்தேன். ஓடி வந்தது அந்த நான்காவது இரவின் நர்ஸ். சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் வாசலுக்குப் போய், வராந்தாவின் கடைசியில் மருந்து வண்டியோடு நின்ற பிரதரைப் பார்த்து, "பிரிஞ்சிடுச்சு!" என்று குரல் கொடுத்தார்.