கடமான் வேட்டைக்கு எத்தனை பவர் ஸ்கோப்? செய்து பார்த்த அனுபவம்

ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை பவர் வரை போகும்?", அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்றுதான். கடைக்காரரும் பெட்டியைத் திருப்பி அந்தப் பெரிய எண்ணைத்தான் காட்டுவார். போன குளிர்காலம் முழுக்க நான்கு ஸ்கோப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, எவ்வளவு கீழே இறங்கும் என்று கேட்பதே முக்கியம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டையாடுவது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிழக்குப் பக்க மலைக்காடுகளில். இங்கே இருக்கும் கடமான் நம் பக்கத்துக் கடமான்தான். 1860-களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம் பெருகி மலை முழுக்கப் பரவிவிட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இன்று கடமான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது சரியான சட்டம். இங்கே நிலைமை நேர்மாறு: உரிமம் எடுத்தவர்கள் நடந்து தேடிச் சுடும் முறையில் ஆண்டு முழுவதும் கடமான் வேட்டையாடலாம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் நேரம். துப்பாக்கி குறைந்தது .270 (தோட்டாவின் விட்டம், அங்குலத்தில்), தோட்டா எடை குறைந்தது 130 கிரெய்ன். என்னுடையது .308 போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை), 150 கிரெய்ன் தோட்டா.

இந்தக் காட்டில் தூரம் இரண்டே விதம். பள்ளத்துக்குள் இறங்கினால் பெரணியும் முள்புதரும் அடைத்துக் கிடக்கும். மான் எழுந்தால் முப்பது நாற்பது மீட்டரில் எழும். மேட்டில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்த்தால் 150-லிருந்து 250 மீட்டர். நடுவில் அவ்வளவாக எதுவும் கிடைப்பதில்லை. ஒரே ஸ்கோப் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கையில் இருந்தவை: என் 4-16×44, நண்பரிடம் வாங்கிய 3-9×40, இன்னொருவரிடம் இருந்து வந்த நிலையான 6×42, அப்புறம் ஒரு சின்ன 2-7×33. புதிதாக வருபவர்களுக்காக: முன்னால் வரும் எண்கள் பவர், பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்.

முதல் சோதனை, பார்வை அகலம். துப்பாக்கியே தேவையில்லை. வேலியோரம் ஒரு மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, முப்பது மீட்டர் தள்ளி மணல் மூட்டை மேல் ஸ்கோப்பை வைத்து எத்தனை குச்சி தெரிகிறது என்று எண்ணினேன். 2 பவரில் நான்கு மீட்டருக்கும் மேல் தெரிந்தது. 3-இல் மூன்று மீட்டரைத் தாண்டியது. 4-இல் இரண்டு மீட்டரும் கொஞ்சமும். 16-இல் அரை மீட்டர் சொச்சம். வளர்ந்த கடமானின் உடம்பு நீளமே இரண்டு மீட்டருக்குப் பக்கம். அதாவது 4 பவரில் முப்பது மீட்டரில் நிற்கும் மான் கண்ணாடியை முழுக்க நிறைத்துவிடும். அதன் இடப்பக்கம் வலப்பக்கம் என்ன இருக்கிறது என்பது தெரியாது. 16-இல் பழுப்பு மயிர் மட்டும்தான் தெரியும், தோளா தொடையா என்றுகூடச் சொல்ல முடியாது.

இதைக் காட்டிலேயே பார்க்கவும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. அன்றைக்கு 3-9 மாட்டியிருந்தேன். கூட வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி இந்தக் காட்டில் என்னைவிட அதிகம் நடந்தவர். கிளம்பும்போதே, "அண்ணை, பேசாம மூண்டிலயே விடுங்கோ. தூரத்தில கண்டால் கூட்டிறதுக்கு நேரம் இருக்கும், கிட்டக் கண்டால் குறைக்கிறதுக்கு நேரம் இராது" என்றார். ஒரு ஓடையைக் கடந்து மேலே ஏறும்போது பெரணிக்குள்ளிருந்து ஒரு பெண் கடமான் எழுந்து நின்றது, நாற்பது மீட்டர் இருக்கும். "ஹாங்க்" என்று ஒரே ஒரு எச்சரிக்கைக் குரல். துப்பாக்கி தோளுக்கு வந்ததும் மான் கண்ணாடிக்குள் இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. தோள் தெளிவாகத் தெரிந்தது. அதே வட்டத்தின் ஓரத்தில், அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில், ஒரு குட்டியின் காதும் தெரிந்தது. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டேன். பார்வை அகலம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். சுடுவதற்கு மட்டும் அல்ல, சுடக்கூடாது என்று முடிவெடுப்பதற்கும் சுற்றுப்புறம் தெரிந்தாக வேண்டும். பின்னால் மண்மேடு இருக்கிறதா, வேறு மான் நிற்கிறதா, மனிதர் யாராவது நடக்கிறாரா, எல்லாமே அந்த அகலத்துக்குள்தான்.

இரண்டாவது சோதனை, அந்தி. கடமான் வெளியே வருவதே கடைசி வெளிச்சத்தில் என்பதால் எனக்கு இதுதான் மிக முக்கியம். எதிர்ச்சரிவில் 150 மீட்டரில் இரண்டு அட்டைகள் வைத்தேன்: ஒன்று வெறும் கரும்பழுப்பு, இன்னொன்றின் மேல் கொம்பு மாதிரி இரண்டு குச்சி. கழற்றிய ஸ்கோப்புகளை வரிசையாக மூட்டை மேல் வைத்துவிட்டு அஸ்தமனத்திலிருந்து அரை மணி வரை மாறி மாறிப் பார்த்தேன்.

கணக்கு எளிது. கண்ணாடி விட்டத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இருட்டில் இளவயதுக் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற 5-க்குப் பக்கம் வந்துவிடும். 6×42 தருவது 7 மி.மீ. 3-9×40 அதன் உச்சத்தில் 4.4. என் 4-16×44 உச்சத்தில் 2.75 மட்டுமே. கண்ணில் தெரிந்ததும் அப்படியேதான். அஸ்தமனம் ஆகிக் கால் மணியிலேயே 16 பவரில் எதிர்ச்சரிவு ஒரே சாம்பல் திரையாகிவிட்டது. அதே ஸ்கோப்பை 8-க்குக் கொண்டுவந்ததும் அட்டை திரும்பத் தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2, 3 பவரில் படம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் எந்த அட்டையில் குச்சி இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளிச்சம் வேறு, விவரம் வேறு. இரண்டும் சேர்ந்து கிடைத்தது 6-க்கும் 8-க்கும் நடுவில். அரை மணி முடியும் வரை குச்சியைக் காட்டியது 6×42 தான். விலையிலும் அது நடுத்தரம்தான், ஆனால் கண்ணாடி நல்ல கண்ணாடி. மங்கலான கண்ணாடிக்கு 24 பவர் கொடுத்தாலும் மங்கல்தான் பெரிதாகும்.

சில விளம்பரங்களில் அந்தி எண் என்று ஒன்று போடுவார்கள். பவரையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. அதன்படி என் 4-16, 16-இல் 26-ஐத் தாண்டுகிறது, 6×42-க்கு 16-க்கும் கொஞ்சம் குறைவு. என் மூட்டை மேல் நடந்தது அதற்கு நேர் எதிர். அந்த எண்ணை வைத்து மட்டும் யாரும் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் திடல். பெஞ்சில் உட்கார்ந்து மூட்டை மேல் வைத்துச் சுட்டால் 100 மீட்டரில் 16 பவர் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டது, மறுக்கவில்லை. 6 பவருடன் வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. எழுந்து நின்று முக்காலிக் கம்பில் சாய்த்துச் சுட்டபோது நிலைமை மாறியது. 16-இல் நெஞ்சுத் துடிப்புகூடக் கண்ணாடியில் ஆடுகிறது. ஆட்டம் பெரிதாகத் தெரியத் தெரிய, குறி நடுவுக்கு வரும் கணத்தைப் பிடிக்கிறேன் என்று விரல் டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறது. 5, 6 பவரில் அதே ஆட்டம் இருந்தும் கண்ணை உறுத்தவில்லை, சுடுவது அமைதியாக இருந்தது. மதியவெயிலில் கானல் வேறு. உச்சப் பவரில் இலக்கு தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நெளிந்தது.

கடமானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. .308-ஐ 100 மீட்டரில் 5 செ.மீ. மேலே படும்படி வைத்தால், 250 மீட்டரில்கூடத் தோட்டா ஒரு சாண் இறங்காது. அந்தத் தூரத்துக்கு 16 பவர் எதற்கு? "நூறு கஜத்துக்கு ஒரு பவர் போதும்" என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. எனக்கு அது கொஞ்சம் கஞ்சத்தனமாகப் படுகிறது. இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தாலும் 8-க்குப் பக்கம்தான் வருகிறது.

பெரிய பவர் ஸ்கோப்பில் இன்னொரு சிக்கல், கீழே இறங்கும் தோட்டாவுக்காகக் கம்பியில் (கண்ணாடிக்குள் தெரியும் குறிபார்க்கும் சிலுவைக் கோடு) போட்டிருக்கும் கோடுகள். என்னுடையது இரண்டாம் குவியத்தள வகை: பவரைக் கூட்டினாலும் குறைத்தாலும் கம்பி ஒரே அளவில் இருக்கும். அந்தக் கோடுகள் 16-இல் மட்டும்தான் சரி. 8-க்கு இறக்கினால் ஒவ்வொரு கோடும் இரண்டு மடங்கு இறக்கத்தைக் குறிக்கும். அவசரத்தில் இதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? முதல் குவியத்தள வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் குறைந்த பவரில் கம்பி மயிரிழையாகி நிழலில் காணாமல் போகிறது. காட்டுக்கு இரண்டாம் வகையே மேல், கோடுகள் இல்லாத சாதாரணத் தடித்த கம்பியுடன்.

எடை பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். 2-7×33 முந்நூறு கிராம் சொச்சம், 4-16 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மலை ஏறினால் தோள் சொல்லும்.

தேடுவதற்கு ஸ்கோப்பைப் பயன்படுத்தவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பெரிய பவர் வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவை ஒரு நல்ல 8×42 அல்லது 10×42 பைனாகுலர். ஸ்கோப்பால் பார்ப்பது என்றால் குழாயை அந்தப் பக்கம் திருப்புவது. அங்கே அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். இன்னதென்று பைனாகுலரில் உறுதியான பிறகே துப்பாக்கி கைக்கு வர வேண்டும்.

சரி, முடிவாக என்ன மாட்டினேன்? 6×42-இன் அந்திப் பார்வை மனத்தை இழுத்தது, ஆனால் பள்ளத்துக்குள் அது குறுகல். 2-7×33 பள்ளத்தில் அருமை, கடைசிப் பத்து நிமிட வெளிச்சத்தில் தோற்றது. 3-9×40 எதிலும் மோசமில்லை. செலவைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் யோசிக்காமல் அதையே வாங்கலாம். நான் வாங்கியது 2-10×42. நடக்கும்போது 2, உட்கார்ந்தால் 6, எதிர்ச்சரிவில் பை மேல் சாய்த்து நிதானமாகச் சுட நேரமிருந்தால் 8. குளிர்காலக் கடைசியில் ஒரு இளம் ஆணை அப்படித்தான் 180 மீட்டரில், 8 பவரில், ஒரே தோட்டாவில் எடுத்தேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. உச்சமான 10-ஐ ரேஞ்சுக்கு வெளியே இன்னும் தொடவில்லை.

4-16 இப்போது .223 மேல் இருக்கிறது. நண்பரின் பண்ணையில் திறந்த புல்வெளி. ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் நரிகளை 200 மீட்டரில், படுத்தபடி, இருகால் தாங்கி வைத்துச் சுட அந்த ஸ்கோப் நன்றாக உதவுகிறது. நரி சின்ன இலக்கு, பார்ப்பதற்கு நேரமும் உண்டு. அடுத்த மாதம் 2-10-இல் இருக்கும் ஒளிப்புள்ளியை, அதாவது கம்பியின் நடுவில் ஒளிரும் புள்ளியை, அந்தியில் சோதிக்கப் போகிறேன். மிகக் குறைந்த அளவிலேயே அது கண்ணைக் கூசவைத்து இலக்கை மறைப்பதாகத் தோன்றுகிறது. அட்டைகளை மறுபடி எதிர்ச்சரிவில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.