சாயவேரில் எரிப் பட்டு: மூன்றாம் முறை, தண்ணியை மாற்றினதால் வந்த சிவப்பு

ஒருவழியாகத் திட்டு விழாத சிவப்பு வந்துவிட்டது. நூல் அதே எரி நூல்தான் (ஆமணக்கு இலை தின்கிற எரிப் புழுவின் பட்டு): அசாமில் பெண்கள் தக்கிளியில் நூற்றது, இரண்டு கழி, 100 கிராம். வேரும் அதே சாயவேர், சிவப்புச் சாயம் தருகிற ஒரு சின்னச் செடியின் வேர். மாற்றினது தண்ணியை மட்டும்.

முதல் இரண்டு தரமும் பட்டிலுள்ள இயற்கைப் பசையை எடுக்க கிணத்துத் தண்ணியில் சவர்க்காரம் போட்டு நூலை அவித்ததுதான் பிழை. எங்கட கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறுகிறவை. சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரண்டு நூலில் ஒட்டிவிடும். ஈரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. சாயத்துக்குள் போட்ட பிறகுதான் கசடு பிடித்த இடமெல்லாம் வெளிறி நிற்கும். கைநூல் தடிப்பும் மெலிவுமாக இருப்பதால் தடித்த இடத்தில் இன்னும் மோசம். பிடித்துப்போன கழியை இளஞ்சூட்டு வினாகிரித் தண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மழைத்தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் விட்டுப்போகும். ‘பசை எடுத்தது’ என்று சொல்லி விற்கிற நூலையும் நம்பி நேரே சாயத்துக்குள் போடவேண்டாம். இந்தக் கழிகளிலேயே பசை கிடந்தது.

நூலை அவிக்கவும், சாயத்தை நூலில் பிடிக்கவைக்கிற படிகாரத்துக்கும் மழைத்தண்ணிதான். கிணத்துத் தண்ணியில் கலங்கி, படிகாரத்தில் ஒரு பங்கு நூலில் ஏறாமல் அடியில் படியும். 15 கிராம் படிகாரம், 3 லீற்றர் தண்ணி, கை பொறுக்கிற சூட்டில் நூலைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஊறல். கொதிக்க வைத்தால் பட்டின் மினுக்கம் போய்விடும். கடுக்காய் பருத்திக்குச் சரி, இதற்குத் தேவையில்லை.

சாயச் சட்டிக்கு மட்டும் கிணத்துத் தண்ணியேதான் வேணும். வேரிலுள்ள அலிசரின் என்கிற சாயப்பொருள், படிகாரத்தோடு சுண்ணமும் சேர்ந்தால்தான் நல்ல சிவப்பாக இறுகும். மழைத்தண்ணியில் காய்ச்சிப் பார்த்த சின்னத் துண்டு செம்மஞ்சளோடு நின்றுவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணல் தரையில் கிண்டி ஏற்றுமதி செய்த வேர் இது. இன்று ஒரு கிலோ சேர்ப்பதே பெரும்பாடு.

காய்ந்த வேர் 200 கிராம். சாயம் வேர்த்தோலில்தான் கூட. உரலில் இடித்து இரவு முழுக்க ஊறவேணும். நூலைப் போட்டபின் ஒரு மணித்தியாலம் எடுத்து மெதுவாக 65 பாகை வரை ஏற்றி, அதே சூட்டில் இன்னொரு மணித்தியாலம், பிறகு சட்டிக்குள்ளேயே ஆறவிடுதல். 70 தாண்டினால் மண்நிறம் இறங்கத் தொடங்குகிறது, தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்கவேண்டாம். கழி சிக்காமல் இருக்கப் போடுகிற கட்டு நாலு இடத்தில், எட்டு (8) வடிவில், தொளதொளவென்று; இறுக்கிக் கட்டினால் அந்த இடம் வெள்ளை.

இரண்டு கழியும் நிழலில் காய்கின்றன, ஒரு கிழமை கழித்துத்தான் அலசுவது. மிச்சச் சாயத்தில் அன்னபேதி (இரும்பு உப்பு) 2 கிராம் போட்டு ஊதா எடுக்க இன்னொரு 100 கிராம் நூல் படிகாரத்தில் கிடக்கிறது.