பால்டிமோரில் ஓர் இறுதிச் சடங்கு: கூடவே நின்ற கல்லூரிச் சகோதரர்கள்

பால்டிமோரில் மார்கன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் இறந்துபோனார். மாடியில் நான், கீழே அவர். மனைவி காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அக்காள் மகள் ஒருத்தி மட்டும் ஜார்ஜியாவில். பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லாத ஒருவர் அமெரிக்காவில் இறந்தால் அடுத்து என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் காகித வேலையை விட, அதைச் செய்த மனிதர்கள்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

அவர் க்ரூவ் ஃபை க்ரூவ் என்ற அமைப்பின் உறுப்பினர். அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் உண்டு. கறுப்பின மாணவர்களுக்கென்று அப்படி ஒன்பது பெரிய சங்கங்கள் இருக்கின்றன. முதலாவது 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. க்ரூவ் அந்த ஒன்பதில் சேராதது. அந்த மாதிரிச் சங்கங்களுக்கு மாற்றாக இருக்க வேண்டும் என்றே 1962 அக்டோபர் 12 அன்று மார்கனில் 14 மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. தங்களை 'சோஷியல் ஃபெலோஷிப்', அதாவது தோழமைக் குழு என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். நிறம் கறுப்பும் வெள்ளையும்.

அது எந்தக் காலம் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த பிப்ரவரியிலேயே, கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த நார்த்வுட் சினிமா தியேட்டரில் கறுப்பினத்தவரை உள்ளே விடாததை எதிர்த்து மார்கன் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 1963 பிப்ரவரி முடிவதற்குள் தியேட்டர் வழிக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் அதற்கெல்லாம் பின்னால் வந்தவர். வியட்நாமில் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ராணுவத்தினருக்கான அரசு உதவித்தொகையில் படிக்க வந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் க்ரூவில் சேர்ந்தார். அப்போது மார்கன் இன்னும் கல்லூரிதான், பல்கலைக்கழகம் ஆனது 1975-இல்.

அவரோடு அதே பருவத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் 'லைன் பிரதர்ஸ்'. ஐம்பது வருடம் கழித்தும் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பார்க்க வீட்டுக்கு வருவார்கள். கத்துவார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள், கோழி வறுவலைக் காலி செய்துவிட்டுப் போவார்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் அவர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். 'எனக்கு ஏதாவது ஆனால் முதலில் இவரைக் கூப்பிடு' என்று ஒரு போன் நம்பர். அக்காள் மகளின் நம்பர் அதற்குக் கீழே இரண்டாவதாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த ராத்திரி அந்த முதல் நம்பரைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எடுத்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, நீ எதிலும் கையெழுத்துப் போடாதே. வீட்டிலேயே இரு. நாங்கள் வருகிறோம்."

விடிவதற்குள் சமையலறை மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஆசிரியர், சிட்டி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தபால் துறையில் இருந்தவர், இப்படி. ஒருவர் அழுதுகொண்டே காபி போட்டார். மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்தார்கள். யார் சர்ச்சுடன் பேசுவது, யார் மற்ற ஊர்களில் இருக்கும் உறுப்பினர்களுக்குச் சொல்வது, ஜார்ஜியாவிலிருந்து வரும் பெண்ணை விமான நிலையத்தில் யார் அழைத்துக்கொள்வது. ஏற்கெனவே பல பேருக்குச் செய்து பழகிய கைகள் என்று தெரிந்தது.

முதல் சிக்கல், உடலைப் பெற்றுக்கொள்ள யாருக்கு உரிமை என்பது. நாங்கள் முதலில் போன ஈமச்சடங்கு நிறுவனத்தில் ரத்த சொந்தம்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஆனால் பால்டிமோர் இருக்கும் மேரிலாண்ட் மாநிலத்தின் சட்டப்படி ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, தன் இறுதிக் காரியத்தை யார் நடத்த வேண்டும் என்று எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அவர் ஆசிரியரின் பெயரை எழுதி வைத்திருந்தார். பீரோவின் கீழ் அறையில் இரும்புப் பெட்டி, அதில் அந்தத் தாள், உயில், இன்சூரன்ஸ் பத்திரம் எல்லாம் வரிசையாக. அதே இடத்தில் விலையையும் மொத்தமாக ஒரே தொகையாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதிய பட்டியல் தர வேண்டும் என்பது 1984-லிருந்து மத்திய அரசு விதி. ஆசிரியர் அதைக் கேட்டதும் பட்டியல் வந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எழுந்து, வேறு இடத்துக்குக் கூட்டிப்போனார்.

இரண்டாவது, டிடி 214. ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான சான்றிதழ் அது. இது கையில் இருந்தால்தான் மற்றதெல்லாம் சுலபமாக நகரும். ஓவிங்ஸ் மில்ஸில் உள்ள கேரிசன் ஃபாரஸ்ட் ராணுவத்தினர் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடமும் கல்லும் இலவசம். ராணுவ மரியாதையும் உரிமை: சீருடையில் குறைந்தது இரண்டு பேர் வந்து கொடியை மடித்துக் கொடுப்பார்கள். இரும்புப் பெட்டியில் அந்தச் சான்றிதழ் மட்டும் இல்லை. செயின்ட் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பஸ் ஓட்டியவர் நேராகப் போய் ஃப்ரீஸரைத் திறந்தார். உறைந்த பட்டாணிக்கு அடியில், ஜிப் பைக்குள் இருந்தது. வீடு தீப்பிடித்தாலும் ஃப்ரீஸர் தப்பிக்கும் என்று அவர்கள் குழுவில் எவரோ எப்போதோ சொன்னதாம். எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம்!

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்றிதழில் சான்றளித்த பிரதிகள் நிறைய வாங்குங்கள். பேங்க், இன்சூரன்ஸ், பென்ஷன், கார் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். இறந்த மாதத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதிய) பணம் கணக்கில் ஏறினால் தொடாதீர்கள், அது திரும்பிப் போகும். உயிலை 'ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ்' அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதை அக்காள் மகள் பார்த்துக்கொண்டாள்.

என்னிடம் கொடுத்த வேலை, சர்ச்சில் கையில் தரும் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் தயார் செய்வது. கறுப்பின மக்கள் இறுதிச் சடங்கை 'ஹோம்கோயிங்' என்கிறார்கள், வீடு திரும்புதல். புத்தகத்தில் குழந்தைப் பருவத்திலிருந்து போட்டோக்கள், வாழ்க்கைக் குறிப்பு, யார் பாடுவது, யார் பேசுவது எல்லாம் இருக்கும். வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் சண்டை. லைன் பிரதர்ஸ் பெயர்களை எந்த வரிசையில் போடுவது? அகர வரிசையா, சங்கத்தில் சேர்ந்தபோது உயரப்படி நின்ற வரிசையா? உயர வரிசைதான் ஜெயித்தது. குள்ளமானவர் முதலில்.

முதல் நாள் மாலை உடலைப் பார்வைக்கு வைத்தபோது, கறுப்பு சூட், வெள்ளைக் கையுறையுடன் சவப்பெட்டியைச் சுற்றி நின்று தங்கள் சடங்கைச் செய்தார்கள். அதை நான் எழுதப் போவதில்லை, அது அவர்களுடையது.

மறுநாள் காலையில்தான் எனக்குப் புரிந்த ஒன்று நடந்தது. லைன் பிரதர்ஸ் எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, ஒருவருக்கு இதய ஆபரேஷன். பெட்டியைத் தூக்க முடியாது. ஆறு இளைஞர்கள் வந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயது. வேறு வேறு கல்லூரிகளில் க்ரூவில் சேர்ந்தவர்கள், ஒருவன் வர்ஜீனியாவிலிருந்து ராத்திரியெல்லாம் கார் ஓட்டி வந்திருந்தான். அவர்களில் யாரும் வீட்டுக்காரரைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பங்காளிகள் யாரும் கூப்பிடாமலே வந்து தோள் கொடுப்பார்களே, அப்படித்தான் வந்து நின்றார்கள்.

சர்ச்சில் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று புத்தகத்தில் தெளிவாகவே அச்சிட்டிருந்தேன். பஸ் ஓட்டியவர் பேசிக்கொண்டே போக, ஆர்கன் வாசிப்பவர் மெல்ல வாசிக்க ஆரம்பித்து, சத்தத்தைக் கூட்டிக் கூட்டி அவரை உட்கார வைத்தார். ஸ்விங் ஃபை ஸ்விங் அமைப்பைச் சேர்ந்த அம்மா ஒருவர் இரங்கல் தீர்மானம் வாசித்தார். க்ரூவுக்குச் சகோதரி அமைப்பு அது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டுச் சரியாக ஒரு வருடம் கழித்து, 1969 ஏப்ரல் 4 அன்று, வின்ஸ்டன்-சேலமில் தொடங்கியது. கல்லறையில் மடித்த கொடியை அக்காள் மகளிடம் கொடுத்தார்கள். அவள் அதை ஆசிரியர் மடியில் வைத்தாள், அவர் திருப்பி அவள் மடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. 'ரிபாஸ்ட்' என்பார்கள். கோழி, மக்ரோனி சீஸ், கீரை. சிரிப்புச் சத்தம் கூரையைத் தொட்டது. நான் வாடகையை யாரிடம் தர வேண்டும், எத்தனை மாதம் தங்கலாம் என்பதையும் அந்த மேசையிலேயே அக்காள் மகளிடம் பேசி முடித்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை.

கல்லறைக் கல்லில் பெயர், தேதி, ராணுவ விவரம் போக, அனுமதி கிடைத்தால் ஓரிரு வார்த்தைகள் கூடுதலாகப் போடலாம். என்ன போடுவது என்று ஆசிரியரும் பஸ் ஓட்டியவரும் எங்கள் சமையலறையில் இரண்டு ஞாயிறு சண்டை போட்டார்கள். ஃபுட்பால் டிவியில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அக்காள் மகளே போனில் ஒரு வார்த்தையைச் சொல்லி, விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டாள். இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை.