மெழுகு விஷயத்தில் அவசரப்படாதீர்கள்

வீட்டில் சின்னதாக வெண்கல வார்ப்பு பழகுகிறேன். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி அச்சாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றும் முறை. ஆரம்பத்தில் கடையில் வாங்கிய மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு யானை செய்தேன். தும்பிக்கையை வளைத்ததும் பட்டென்று ஒடிந்துவிட்டது. மெழுகுவர்த்தியில் இருக்கும் பாரஃபின் மெழுகு மட்டும் என்றால் அப்படித்தான். விரலுக்கு வளைந்து கொடுக்காது.

சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் (ஒரு மரப்பிசின்) கடலை எண்ணெயும் சேர்க்கிறார்கள். குங்கிலியம் விறைப்பைத் தரும், எண்ணெய் இளக்கத்தைத் தரும். அளவைக் கையால் பிசைந்து பார்த்துத்தான் பிடிக்க முடிகிறது. சித்திரை வெயிலில் என் உருவங்கள் தொய்ந்தபோது குங்கிலியத்தைக் கொஞ்சம் கூட்டினேன், நின்றது. நகை நுணுக்கம் கீறுவதற்கு இன்னும் கெட்டியான கலவை வேண்டும். அப்புறம், தேன்மெழுகு சுமார் 63 டிகிரியிலேயே உருகிவிடும். நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள்.

வாய்க்கால் குச்சிகளையும் (உலோகம் உள்ளே போக வழிவிடும்படி உருவத்தோடு ஒட்டும் மெழுகுக் குச்சிகள்) சேர்த்து மெழுகை எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் மெழுகுக்கு வெண்கலம் ஏறக்குறைய 900 கிராம் பிடிக்கும். நான் கொஞ்சம் கூடுதலாகவே உருக்குவேன். பாதியில் உலோகம் தீர்ந்துபோனால் அந்த அச்சு போனதுதான்.

குங்கிலியம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. கலப்படமில்லாத தேன்மெழுகு கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.