சோயா வேரில் சிவப்பு முடிச்சு: யூரியா பையும் சூப்பர் பாஸ்பேட் பையும்

ஒரு வழியாக சோயா வேரில் முடிச்சு பிடித்துவிட்டது. நகத்தால் கீறினால் உள்ளே நல்ல சிவப்பு. அந்த நிறம் இருந்தால்தான் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடிக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது தொடங்கப்போவதே இல்லை.

உரத்தால் முடிச்சு எப்படி மாறுகிறது என்று பார்க்க மூன்று வளர்ப்புப் பைகளில் சோயா போட்டிருந்தேன். எல்லாப் பைகளிலும் ஒரே மண், ஒரே தொழுவுரம். ஒன்றில் யூரியா, ஒன்றில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் சூப்பர் பாஸ்பேட், ஒன்றில் எதுவும் இல்லை. மேலே பார்த்தால் யூரியா பைதான் ராஜா: கரும்பச்சை, அகல இலை. பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் பாராட்டினார். மண்ணோடு தோண்டி, தண்ணீரில் ஊற வைத்துக் கழுவினால் சாயம் வெளுத்தது. முடிச்சுகள் கடுகு அளவில் அங்கொன்று இங்கொன்று. யூரியா மண்ணில் மாறித் தரும் நைட்ரேட் சும்மா கிடைக்கும்போது செடி ஏன் முடிச்சில் வாழும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்கப் போகிறது? சூப்பர் பாஸ்பேட் பை முதலில் வெளிறி நின்று வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்புறம் தானாகவே பச்சை ஏறியது. ஆணிவேரின் மேல்பகுதியிலேயே முடிச்சுகள் கொத்தாக இருந்தன. விதையில் பூசிய ரைசோபியம் (முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியா) பிடித்ததற்கு அதுதான் அடையாளம். ஒரு மூலக்கூறு நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றக் குறைந்தது 16 ஏடிபி (பாஸ்பரஸ் அடங்கிய ஆற்றல் மூலக்கூறு) செலவாகும். மணிச்சத்து இல்லாமல் அது நடக்காது. ஒன்றும் போடாத பையில் முடிச்சு இருந்தது, ஆனால் சின்னது.

உண்மையான தலைவலி விதை நேர்த்திதான், அதாவது கஞ்சியில் கலந்து ரைசோபியத்தை விதையில் பூசுவது. உளுந்துக்குச் செய்கிற மாதிரி கஞ்சியைத் தாராளமாக ஊற்றினால் சோயாவின் மெல்லிய தோல் சுருங்கி உரிந்துவிடும். கஞ்சி கெட்டியாக, நன்றாக ஆறி, விதை மினுங்கும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். கையால் பிசையக் கூடாது. தட்டில் போட்டு உருட்ட வேண்டும். நிழலில் உலர்த்தி உடனே விதைப்பு.

ரைசோபியம் பாக்கெட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒரு கடையில் "பயறுக்கெல்லாம் ஒண்ணுதான் சார்" என்று உளுந்து ரைசோபியத்தை நீட்டினார்கள். சோயாவுக்கு பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் என்ற தனி பாக்டீரியா வேண்டும். சோயா விளையாத மண்ணில் அது பெரும்பாலும் தானாக இருக்காது. மளிகைக் கடை சோயாவையும் விதைக்க நம்பாதீர்கள், முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும்.

காய் இன்னும் முற்றவில்லை, அதற்குள் அடுத்தது மாலிப்டினம். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியின் நடுவிலேயே இருக்கிற சத்து அது. அந்தச் சத்தைத் தரும் அம்மோனியம் மாலிப்டேட் உப்பைச் சில்லறையாகத் தருகிற கடை தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு ஒரு சிட்டிகை போதும்.