பூட்டிக் கிடக்கும் வீட்டை ரொக்கப் பார்ட்டிக்கு விற்கும்போது

'ரெடி கேஷ், ஒரே வாரத்தில் கிரயம்' என்று வருபவர் சின்ன அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடுவும், உங்கள் சார்பில் விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரமும் கேட்டால் அவர் வாங்குபவர் அல்ல. உங்கள் வீட்டை வைத்து வேறு ஆள் தேடும் புரோக்கர். அவருடன் போடும் விற்பனை அக்ரிமெண்ட் பதிவானால், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை அடுத்த பார்ட்டி கிட்டவே வரமாட்டார். 30 நாள் கெடு தாராளம்.

ரொக்கம் என்றால் நோட்டுக்கட்டு அல்ல, வங்கிக்கடன் இல்லாமல் வாங்குவது, அவ்வளவுதான். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ நோட்டாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். டிடி கொடுத்தால், கையெழுத்துக்கு முன்பே அதைக் கொடுத்த வங்கிக் கிளையில் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1% டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடிப்பார்; விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம்.

அவசர விற்பனை பெரும்பாலும் பட்டாவில்தான் சிக்கும். இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்று வாங்கி எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். வெளியூர்ப் பங்காளி ஒருவர் போதும், மாதக்கணக்கில் இழுக்க. சொத்துவரி, கரண்ட் பில் பாக்கியை முன்பே கட்டி ரசீதை வையுங்கள். கடைசி நேரத்தில் பாக்கியைக் காட்டித்தான் விலையை அடிப்பார்கள். பெயிண்ட் செலவு வீண். மூலப்பத்திரம் கிரயத்தன்றுதான் கைமாற வேண்டும். அதுவரை ஜெராக்ஸ் மட்டும்.